கார் பெயின்டுக்கு வேக்ஸா, சீலன்டா, செராமிக்கா? வட சென்னைத் தெருவில் நிற்கும் வண்டிக்கு ஓர் ஒப்பீடு

"வீட்டிலேயே வண்டியைக் கழுவி மெருகேற்றலாம் என்று இருக்கிறேன். மேலே பூச எதை வாங்குவது?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று நான்கு பாட்டில்களின் பெயரைச் சொல்லி, இதில் எது அதிக மாதம் தாங்கும் என்று முடிக்கிறார்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்கள் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் தப்பான பாட்டிலில்தான் போய் நிற்பார்கள். லேபிளில் போட்டிருக்கும் மாதக் கணக்கு நிழலில் நின்று, நல்ல தண்ணீரில், மென்மையான ஷாம்பு போட்டுக் கழுவப்படும் வண்டிக்கானது. நம் வண்டி நிற்கும் இடம் வேறு, கழுவும் தண்ணீர் வேறு, பல வீடுகளில் கழுவுகிற ஆளும் வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் நிற்கிற, போர் தண்ணீரில் கழுவுகிற வண்டிக்கு வருடத்தில் மூன்று தடவை பாலிமர் சீலன்ட், அதாவது பெயின்ட் மேல் வழுக்கலான படலமாக நிற்கும் செயற்கைப் பூச்சு, பூசுவதுதான் சரி. பெயின்ட் மேல் இறுகி நிற்கும் செராமிக் கோட்டிங் நல்ல பொருள். ஆனால் அது கேட்கும் வசதிகள் நம் தெருக்களில் பலருக்குக் கிடையாது. மூடிய பார்க்கிங்கும் நல்ல தண்ணீரும் இருப்பவர்களுக்கு என் பதில் மாறும். அதையும் கீழே சொல்கிறேன்.

## நம் பக்கம் பெயின்ட் மேல் விழுவது என்ன

2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. ராயபுரம் பக்கம் வண்டி மேல் படிந்துகொண்டிருந்த கரித்தூள் அதன் பிறகு குறைந்தது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்தில் அனல் மின் நிலையங்களின் சாம்பல் இன்றும் விழுகிறது. இந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காவும் அலுமினாவும்தான். இரண்டும் கடினமானவை. இதை உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் கிளியர் கோட்டில், அதாவது பெயின்டின் நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற அடுக்கில், கோடு விழும். எந்தப் பூச்சும் அதைத் தடுக்காது.

அடுத்தது இரும்புத் தூள். தண்டையார்பேட்டை சரக்கு யார்டு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று ரயில் பாதையை ஒட்டி நிற்கும் வண்டிகளிலும், கன்டெய்னர் லாரி ஓடும் சாலையோரம் நிற்கும் வண்டிகளிலும், லேத், வெல்டிங் பட்டறைகளுக்குப் பக்கத்தில் நிற்பவற்றிலும் இது நிறைய இருக்கும். வெள்ளை வண்டியின் பின் கதவை ஒரு சாண் தூரத்திலிருந்து பாருங்கள். ஊசி முனை அளவில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியும். வண்டியே துருப்பிடிக்கிறது என்று பயந்துவிடுகிறார்கள். துருப்பிடிப்பது மேலே வந்து ஒட்டிய இரும்புத் துகள். வண்டித் தகடு அதற்குக் கீழே பத்திரமாக இருக்கிறது.

உப்புக் காற்றைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. உப்பு கிளியர் கோட்டை நேரடியாகத் தின்பது குறைவு. அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தூசியை ஒட்டவைக்கும். கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடம், கதவு விளிம்பு, வண்டியின் அடிப்பாகம் இங்கெல்லாம்தான் துருவை வேகப்படுத்தும். சீலன்ட் பூசினால் அடிப்பாகம் துருப்பிடிக்காது என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். அதற்கு அண்டர்பாடி கோட்டிங் என்ற தனி வேலை இருக்கிறது.

## எதை வைத்து முடிவெடுப்பது

நிறுத்துமிடம். மூடிய ஷெட், அடுக்குமாடியின் கீழ்த்தளம், தெரு, மரத்தடி என்று நான்கில் உங்களுடையது எது? மே மாத வெயிலில் நிற்கும் கறுப்பு வண்டியின் பானட் 60 டிகிரிக்கு மேல் போகும்.

தண்ணீர். இதற்குத்தான் நான் அதிக எடை தருவேன். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியது பல பத்தாண்டுகளாகப் பதிவான விஷயம். கடலை ஒட்டிய தெருக்களிலும் போர் தண்ணீர் எப்படி என்று வாயில் விட்டாலே தெரியும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். உங்கள் குழாயில் அதற்கு மேல் காட்டினால், பெயின்ட் மேல் காயும் ஒவ்வொரு சொட்டும் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுப் போகும்.

யார் கழுவுகிறார்கள். நீங்களா, வாட்டர் வாஷ் கடையா, காலையில் வந்து துடைக்கும் தம்பியா?

தவறினால் திருத்த முடியுமா. சில பூச்சுகளை ஷாம்புவாலேயே எடுத்துவிடலாம். சிலதுக்கு பாலிஷ் மெஷின்தான் வழி.

உண்மையான செலவு. பாட்டில் விலை அதில் ஒரு பங்குதான். துணி, ஒட்டிய அழுக்கைத் தேய்த்தெடுக்கும் களிமண் போன்ற க்ளே பார், இரும்பு எடுக்கும் திரவம், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

## எந்த பாட்டிலுக்கும் பொதுவான முன்வேலை

வண்டியைக் கழுவி, ஈரம் இருக்கும்போதே மெல்லிய பிளாஸ்டிக் கேரி பேக் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவுங்கள். வெறும் கைக்கு வழவழப்பாகப் பட்ட இடம் பைக்குள்ளிருந்து மணல் தாளைத் தடவுவது போல் சொரசொரக்கும். அதன் மேல் எதைப் பூசினாலும் அழுக்கின் மேல் பூசியதாகத்தான் ஆகும்.

இதைப் போக்க இரண்டு படிகள். முதலில் ஐயன் ரிமூவர், அதாவது இரும்பு எடுக்கும் திரவம். அடித்து இரண்டு மூன்று நிமிடத்தில் இரும்புத் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். நாற்றம் கடுமையாக இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காயவிடாமல் கழுவிவிட வேண்டும். அப்புறம் க்ளே பார். ஷாம்புத் தண்ணீர் தாராளமாக விட்டு, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். கீழே விழுந்த க்ளேயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மண் ஒட்டிய துண்டை மறுபடி வைத்துத் தேய்த்தால் வண்டி முழுக்கக் கோடு விழும். வருடத்துக்கு ஒரு தடவை க்ளே போதும். கறுப்பு வண்டியில் க்ளேயே மெல்லிய மங்கலை விடும் என்பதால் அடிக்கடி வேண்டாம்.

டிங்கரிங் முடிந்து புதிதாகப் பெயின்ட் அடித்த பாகம் இருந்தால், அது முழுதாக ஆறும் வரை அதன் மேல் எதுவும் பூசாதீர்கள். எத்தனை நாள் என்று பெயின்ட் அடித்தவரையே கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

ஆயுள் கணக்கு தெருவில் நிற்கும் வண்டிக்கு நான் எதிர்பார்க்கும் அளவு. லேபிள் சொல்வது இதைவிட அதிகமாக இருக்கும்.

| | கார்னாபா வேக்ஸ் | பாலிமர் சீலன்ட் | செராமிக் ஸ்ப்ரே | செராமிக் கோட்டிங் |
|---|---|---|---|---|
| ஆயுள் | ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை | 3 முதல் 4 மாதம் | சுமார் 2 மாதம் | ஒரு வருடத்துக்கு மேல், பராமரித்தால் |
| பூசும் வேலை | அரை நாள் | அரை நாள் | அரை மணி நேரம் | இரண்டு நாள், மூடிய இடம் |
| ஒரு பாட்டில் | பல தடவை | 15 தடவைக்கு மேல் | 8, 10 தடவை | ஒரு தடவை |
| பிழை நேர்ந்தால் | துடைத்தால் போதும் | துடைத்தால் போதும் | ஈரத் துணி போதும் | பாலிஷ் போட வேண்டும் |
| உப்புத் தண்ணீரில் | சுமார் | நன்று | கறை விழலாம், கவனம் | கறை விழலாம், மிகுந்த கவனம் |

## கார்னாபா வேக்ஸ்

பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு இது. அடர் சிவப்பு, கறுப்பு, நீல வண்டிகளுக்கு இது தரும் ஆழமான பளபளப்பை மற்ற எதுவும் தருவதில்லை என்பது என் எண்ணம். கார்னாபா உருகுவது 80 டிகிரிக்கு மேல்தான். ஆனால் டப்பாவில் இருப்பது அது மட்டும் கிடையாது. பூசுவதற்கு எளிதாக இருக்க மென்மையான வேறு மெழுகும் எண்ணெயும் கரைப்பானும் கலந்திருக்கும். வெயிலில் அது இளகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் பக்கத்துச் சாம்பலுக்கு இது பெரிய குறை.

வாட்டர் வாஷ் கடையில் அடிக்கும் காரம் மிகுந்த நுரை ஒரே கழுவலில் வேக்ஸைப் பெரும்பாலும் எடுத்துவிடும். ஷெட்டில் நிற்கிற, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற, நீங்களே ஆசையாகத் தேய்த்துப் பார்க்கிற பழைய வண்டி என்றால் தாராளமாக வாங்குங்கள்.

## பாலிமர் சீலன்ட்

இது ஆய்வகத்தில் செய்த பாலிமர். பலவற்றில் அமினோ சிலிகோன் வகைச் சேர்மங்கள் இருக்கும். அவை கிளியர் கோட்டைப் பிடித்துக்கொண்டு உலர்ந்த, வழுக்கலான படலமாக நிற்கும். ஒட்டும் தன்மை இல்லாததால் சாம்பலும் தூசியும் தண்ணீர் பட்டதும் இறங்கிவிடும். காக்கை எச்சம் காய்ந்து பெயின்ட்டை அரிப்பதற்குள் துடைத்தெடுக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அவகாசம் என்றால் சில மணி நேரம்தான், சில நாள் கிடையாது.

ஷோரூமில் வண்டி எடுக்கும்போது "டெஃப்லான் கோட்டிங்" என்று பில்லில் சேர்ப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். டெஃப்லான் தூளை உருக்கித் தோசைக்கல்லில் படிய வைக்க 300 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். கார் பெயின்ட் மேல் அந்த வேலை நடக்கவே நடக்காது. ஆகவே அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஒரு பாட்டில் சீலன்ட் வாங்கி நீங்களே பூசலாம்.

ஒரு சிறிய காருக்கு 20, 30 மி.லி. போதும். 500 மி.லி. பாட்டில் பல வருடம் வரும். இதனால்தான் பாட்டில் விலையில் நூறு, இருநூறு ரூபாய் வித்தியாசத்துக்காக அலைய வேண்டியதில்லை என்கிறேன். அந்தப் பணத்தை நல்ல மைக்ரோஃபைபர் துணிக்குக் கொடுங்கள். பூச ஒன்று, துடைக்க இரண்டு, தண்ணீர் ஒற்ற ஒரு பெரியது. இந்தத் துணிகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. கம்ஃபோர்ட் போன்ற, துணியை மென்மையாக்கும் திரவத்தில் ஊறவைக்கவும் கூடாது.

பூசும் நேரம் முக்கியம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி, தகடு சூடாவதற்கு முன் முடித்துவிட வேண்டும். மதியம் கடல் காற்று திரும்பிவிட்டால் உப்பும் தூசியும் கூடவே வரும்; ஈரமான சீலன்ட் மேல் அது உட்கார்ந்துகொள்ளும். மெல்லியதாகப் பூசுங்கள். விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, அந்த இடம் இழுபடாமல் சுத்தமாகத் தெரிந்தால் துடைக்கலாம். கனமாகப் பூசினால் பலம் கூடாது, தோள்பட்டை வலிதான் மிஞ்சும். பூசிய நாள் இரவு வண்டி மேல் பனி இறங்காத இடம் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு இரவுக்கு மட்டும் பக்கத்து அபார்ட்மென்ட்டில் கேட்டுப் பாருங்கள்.

இதன் மறைமுகச் செலவு உங்கள் ஒழுங்குதான். நான்கு மாதத்துக்கு ஒருமுறை அரை நாள் ஒதுக்க முடியாதவருக்கு இது ஒத்துவராது.

## செராமிக் ஸ்ப்ரே

சிலிக்கா கலந்த, கழுவியவுடன் அடித்துத் துடைக்கும் ஸ்ப்ரே. பூசுவதற்கு இவ்வளவு எளிதான பொருள் வேறு இல்லை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதைப் பார்த்தால் மனசு நிறையும். ஆனால் தனியாக இதை மட்டும் நம்பினால் நம் வெயிலுக்கு இரண்டு மாதத்தில் களைத்துவிடும். ஈரத் தகட்டின் மேல் அடித்து உப்புத் தண்ணீரோடு சேர்த்துத் துடைத்தால் கோடு கோடாகத் திட்டும் விழும். கடைசி அலசலை நல்ல தண்ணீரில் முடித்து, ஒற்றி உலர்த்திவிட்டு அடியுங்கள்.

நேரமே இல்லாதவர்கள், வண்டியை இரண்டு வருடத்தில் விற்கப் போகிறவர்கள், கைக்குழந்தை இருக்கும் வீடு இவர்களுக்கு இது போதும். மற்றவர்களுக்கு சீலன்டின் மேல் இடையிடையே அடிக்க நல்ல துணை.

## செராமிக் கோட்டிங்

சின்னக் கண்ணாடி பாட்டிலில் 30, 50 மி.லி. வரும். காற்றின் ஈரத்தைப் பிடித்துத்தான் இது இறுகும். இதில்தான் சென்னைக்காரருக்குச் சிக்கல். ஈரப்பதமும் வெப்பமும் இரண்டும் மிகுந்த ஊரில் லேபிள் சொல்லும் நேரத்துக்கு முன்பே இறுகத் தொடங்கும். கைக்குட்டை அகலத்துக்குப் பூசி, வானவில் நிறம் தெரிந்ததும் துடைத்தாக வேண்டும். ஒரு இடத்தை விட்டுவிட்டால் அது மேடாக, கருமையான திட்டாக நின்றுவிடும். மறுநாள் ட்யூப்லைட் வெளிச்சத்தில்தான் கண்ணில் படும். அப்போது பாலிஷ் மெஷின் போட்டால்தான் போகும்.

செலவைப் பாருங்கள். இதற்கு முன் பெயின்டில் இருக்கும் சுழல் கீறல்களை பாலிஷ் செய்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் அவற்றை உள்ளே வைத்து மூடியது போலாகிவிடும். மெஷின், பேட், காம்பவுண்ட், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் ஆல்கஹால் திரவம், மூடிய இடம், பூசிய பின் ஒரு நாளாவது தண்ணீர் படாமல் வைத்தல், சில நாள் ஷாம்பு போடாமல் இருத்தல் எல்லாம் சேரும். திறந்த பாட்டிலில் மீதி இருப்பது சீக்கிரமே இறுகிவிடும், எடுத்து வைத்துப் பயன்படுத்த முடியாது.

"9எச் கடினம்" என்ற வாசகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பென்சில் கொண்டு கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. பூச்சின் தடிமன் ஓரிரு மைக்ரான்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னே போகும் லாரியின் டயரிலிருந்து தெறிக்கும் கல்லை அது தடுக்காது. கல்லுக்கு 150 மைக்ரானுக்கு மேல் தடிமன் உள்ள பிபிஎஃப் என்ற ஒளி ஊடுருவும் பாதுகாப்புப் படலம் ஒட்டினால்தான் உண்டு. அது வீட்டு வேலை கிடையாது.

தண்ணீர் கறை பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கோட்டிங் மேல் சொட்டுகள் உயரமாகத் திரண்டு நிற்கும். தெருவில் நிற்கும் வண்டி மேல் போர் தண்ணீர்ச் சொட்டு அப்படியே காய்ந்தால், அதில் உள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் சிறு வளையத்துக்குள் அடர்ந்து இறுகும். விலை கொடுத்துப் பூசிய கோட்டிங் மேலேயே வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். புதுக் கறை என்றால் வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில் துணியால் ஒற்றி உடனே அலசினால் போகும். பூச்சுக்குள் அரித்து இறங்கிவிட்டால் பாலிஷ்தான்.

மூடிய பார்க்கிங், குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர், நீங்களே கழுவும் பழக்கம், வண்டியை ஐந்தாறு வருடம் வைத்திருக்கும் எண்ணம் நான்கும் இருந்தால் செராமிக் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும். நான்கில் இரண்டு குறைந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## கழுவும் முறை

ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரைப் பிடித்து வண்டி கழுவுவது பல வீடுகளில் வழக்கம். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லது. ஆனால் அதில் உப்பு மூலத் தண்ணீரைவிடச் செறிந்திருக்கும். அதைக் கழிவறைக்கு விடுங்கள். வண்டியின் கடைசி அலசலுக்கு ஏசி வெளியேற்றும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கிய தண்ணீர் என்பதால் அதில் உப்பு இருப்பதேயில்லை என்று சொல்லலாம். துணியில் வடிகட்டிப் பானட்டிலும் கூரையிலும் ஊற்றினால் கறை விழாது.

தினமும் காலையில் ஒரே பக்கெட், ஒரே துணியில் பத்து வண்டி துடைக்கும் தம்பியிடம், உங்கள் வண்டிக்கு வாரம் இரண்டு நாள் போதும், சம்பளம் அதேதான் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் துணியையும் ஷாம்புவையும் அவர் கையில் கொடுங்கள். அவருக்கும் வேலை குறையும், பெயின்ட்டும் பிழைக்கும். தெருக்குழாய் இல்லாத ராயபுரம், வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் அலசாமலே ஒரு பக்கெட் தண்ணீரில் முடியும் ரின்ஸ்லெஸ் வாஷ் திரவம் பெரிய உதவி. முதலில் ஸ்ப்ரேயில் அடித்து அழுக்கை ஊறவிட்டு, துணியின் ஒவ்வொரு மடிப்பையும் ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தாமல் துடைக்க வேண்டும். மழைச் சேறு படிந்த வண்டிக்கு மட்டும் இது வேண்டாம்.

சோப்புத் தூளும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் வேக்ஸ், சீலன்ட் இரண்டையும் வேகமாக எடுத்துவிடும். பழைய பூச்சை எடுக்க வேண்டிய நாளில் மட்டும் அவற்றைத் தொடுங்கள்.

## சீலன்டை எப்போது பூசுவது

நான்கு மாத ஆயுள் நம் வருடத்தோடு ஏறக்குறையப் பொருந்துகிறது.

முதல் தடவை ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். எப்படியும் வண்டியைத் தேய்த்துக் கழுவப் போகிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் பூச்சு இறுகிவிடும். சாயம் கலந்த குங்குமம் வெள்ளைப் பெயின்டில் கறை விடும் என்பதால் சந்தனம் குங்குமத்தைக் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வையுங்கள். தீபாவளிக்கு மறுநாள் பானட் மேல் கிடக்கும் வெடிமருந்துத் தூளைத் துணியால் தட்டாமல் தண்ணீர் விட்டு இறக்குங்கள்.

இரண்டாவது பொங்கல் முடிந்த வாரம். போகியன்று எரித்த டயர், பிளாஸ்டிக் புகை காலைப் பனியோடு சேர்ந்து வண்டி மேல் பிசுபிசுவென்று படிந்திருக்கும். அதைக் கழுவி, ஐயன் ரிமூவரும் ஒரு தடவை அடித்துவிட்டுப் பூசுங்கள்.

மூன்றாவது ஏப்ரல் கடைசி, அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு முன். கூரையும் பானட்டும் டிக்கியும்தான் வெயிலை முழுதாக வாங்குகின்றன. அந்த மூன்று இடங்களுக்கு மட்டும் மறுநாள் இரண்டாவது கோட் கொடுங்கள். கதவுகளுக்கு ஒன்று போதும்.